பேக்கப்பிலிருந்து ஒரு நகல் டைரக்டரி சர்வர்

இருபது கம்ப்யூட்டர்கள் உள்ள ஒரு லேபில், எதில் உட்கார்ந்தாலும் ஒரே யூசர் நேம், ஒரே பாஸ்வேர்ட் கொடுத்து உள்ளே நுழைய முடிகிறது என்றால், எங்கோ ஒரு மூலையில் டைரக்டரி சர்வர் ஒன்று இயங்கிக் கொண்டிருக்கிறது என்று பொருள். யாருக்கெல்லாம் அக்கவுண்ட் உண்டு, யார் எந்தக் குழுவில் இருக்கிறார், கொடுத்த பாஸ்வேர்ட் சரிதானா என்பதை எல்லாம் மற்ற கம்ப்யூட்டர்கள் அதனிடம்தான் கேட்டுத் தெரிந்து கொள்கின்றன. அந்த ஒரு சர்வரின் பவர் சப்ளை புகைந்தால் போதும். மற்ற இருபதும் நல்ல நிலையில் இருந்தும் பாதிப் பேர் லாக் இன் செய்ய முடியாமல் கையைக் கட்டிக் கொண்டு உட்கார வேண்டியதுதான்.

இதற்கு வழி, அதே தகவல்களை வைத்துக் கொண்டு பக்கத்தில் நிற்கும் இரண்டாவது சர்வர். இதனை ரெப்ளிகா என்பார்கள். முதல் சர்வரில் ஒரு மாற்றம் நடந்தால், சில நொடிகளில் ரெப்ளிகாவிலும் அது நடந்துவிடும். இப்படி ஒரு ரெப்ளிகாவை, ஏற்கனவே எடுத்து வைத்திருக்கும் பேக்கப் பைலில் இருந்து எப்படி உருவாக்குவது என்று பார்க்கலாம். இதற்கு விலை உயர்ந்த சர்வர் எதுவும் தேவையில்லை. வீட்டில் இரண்டு பழைய கம்ப்யூட்டர்கள் இருந்தாலோ, அல்லது வெர்ச்சுவல் பாக்ஸில் இரண்டு லினக்ஸ் சிஸ்டங்களை அமைத்துக் கொண்டாலோ ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் செய்து பார்த்துவிடலாம். டெபியன் அல்லது உபுண்டு, அதில் ஓப்பன்எல்டேப் என்ற இலவச சாப்ட்வேர், இவை போதும்.

எல்டேப் என்பது டைரக்டரியிடம் கேள்வி கேட்பதற்கான பொது மொழி. 1993ல் இதன் முதல் வரையறை வெளியானது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இதற்கென எழுதப்பட்ட சர்வர் புரோகிராமின் பெயர் ஸ்லாப்டி. அந்தப் புரோகிராமை எடுத்துக் கொண்டு 1998ல் தொடங்கப்பட்டதே ஓப்பன்எல்டேப். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். 'தனித்து இயங்கும் எல்டேப் சேவை' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்தான் அது. இதனுடன் வரும் துணைக் கட்டளைகளும் ஸ்லாப் என்றே தொடங்கும். நமக்கு இங்கே வேண்டியவை இரண்டு. டைரக்டரியை ஒரு டெக்ஸ்ட் பைலாக வெளியே கொட்டுவது ஸ்லாப்கேட். அந்த டெக்ஸ்ட் பைலை மீண்டும் டைரக்டரிக்குள் ஏற்றுவது ஸ்லாப்ஆட்.

ரெப்ளிகாவை உருவாக்க எப்போதும் பேக்கப் வேண்டுமா?

வேண்டியதில்லை. காலியான ஒரு ரெப்ளிகாவை அமைத்து, முதல் சர்வரின் முகவரியைக் கொடுத்துவிட்டால், அதுவே எல்லாவற்றையும் இழுத்துக் கொள்ளும். ஐநூறு பேர் உள்ள பள்ளி என்றால் நான் அப்படித்தான் செய்வேன். ஆனால் கணக்கைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். பத்தாயிரம் பேர், ஒவ்வொருவருக்கும் 40 கேபி அளவில் ஒரு போட்டோ என்றால் போட்டோக்கள் மட்டும் 400 எம்பி. கிளை அலுவலகத்தை இணைக்கும் லைன் 2 எம்பிபிஎஸ் வேகம்தான் என்றால், வேறு யாரும் அதைத் தொடாமல் இருந்தாலே சுமார் 27 நிமிடம் ஆகும். வேலை நேரத்தில் அப்படி யாரும் தொடாமல் இருக்க மாட்டார்கள். அதோடு, நெட்வொர்க் வழியாக ஒவ்வொரு பதிவாக வந்து எழுதப்படுவதை விட, ஸ்லாப்ஆட் மூலம் நேரடியாக ஏற்றுவது பல மடங்கு வேகமானது. பெரிய டைரக்டரி, மெதுவான லைன் என்றால் பேக்கப்பிலிருந்து தொடங்குங்கள் என்றுதான் ஓப்பன்எல்டேப் கையேடும் சொல்கிறது.

எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. தினமும் இரவில் பேக்கப் எடுக்கிறோம் என்று சொல்பவர்களில் எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்திருக்கிறார்கள்? ரெப்ளிகாவை அதிலிருந்து உருவாக்கினால், அந்தப் பேக்கப் உண்மையில் வேலை செய்கிறதா என்ற சோதனையும் கூடவே முடிந்துவிடும்.

சரியான பேக்கப் எது?

இங்கேதான் விஷயமே இருக்கிறது. டைரக்டரியில் உள்ளதை வெளியே எடுக்க இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று எல்டேப்சர்ச் என்னும் தேடல் கட்டளை. எல்லாப் பதிவுகளையும் கொடு என்று கேட்டால் அதுவும் ஒரு எல்டிஐஎப் பைலைத் தரும். பெயர், மெயில் முகவரி, போன் நம்பர் எல்லாம் அதில் இருக்கும். பார்ப்பதற்குப் பேக்கப் போலவே இருக்கும். ஆனால் ரெப்ளிகா உருவாக்க இது உதவாது.

காரணம், டைரக்டரியில் ஒவ்வொரு பதிவுக்கும் பின்னால் நம் கண்ணில் படாத சில குறிப்புகள் உள்ளன. அவற்றில் முக்கியமானது என்ட்ரி யுயுஐடி. ஆளின் பெயர் மாறலாம், பிரிவு மாறலாம். இந்த எண் மட்டும் அந்தப் பதிவு இருக்கும் வரை மாறாது. இரண்டாவது என்ட்ரி சிஎஸ்என். அந்தப் பதிவு கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்பதற்கான முத்திரை இது. இந்த இரண்டுடன், டைரக்டரியின் உச்சிப் பதிவில் கான்டெக்ஸ்ட் சிஎஸ்என் என்று ஒன்று இருக்கும். 'இந்த நேரம் வரை நடந்த மாற்றங்கள் அனைத்தும் என்னிடம் உள்ளன' என்று டைரக்டரி தன்னைப் பற்றியே எழுதி வைத்திருக்கும் குறிப்பு அது. ரெப்ளிகா முதல் சர்வரிடம் பேசத் தொடங்கும்போது இந்தக் குறிப்பைத்தான் நீட்டுகிறது. 'எனக்கு இதுவரை தெரியும், மீதியைச் சொல்லுங்கள்' என்று கேட்கிறது.

எல்டேப்சர்ச் தனியாகக் கேட்டால் ஒழிய இவற்றைக் கொடுக்காது. அந்தப் பைலை இரண்டாவது சர்வரில் ஏற்றினால், ஒவ்வொரு பதிவுக்கும் அது புதிதாக ஒரு அடையாள எண்ணைக் கொடுத்துவிடும். பெயர் ஒன்று, அடையாளம் வேறு என்ற குழப்பத்துடன் இரண்டு சர்வர்களும் பேசத் தொடங்கினால் விளைவு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஸ்லாப்கேட் இந்தக் குறிப்புகள் எல்லாவற்றையும் சேர்த்தே எழுதும். எனவே பேக்கப் என்றால் ஸ்லாப்கேட் எடுத்ததுதான்.

அந்த முத்திரையை நீங்களே படித்துப் பார்க்கலாம். கான்டெக்ஸ்ட் சிஎஸ்என் 20240610043000 எனத் தொடங்கினால், 2024 ஜூன் 10, அதிகாலை நான்கரை மணி. ஆனால் இது உலகப் பொது நேரம். நம் நேரத்திற்கு ஐந்தரை மணி கூட்டினால் காலை 10 மணி. இதைக் கவனிக்காமல் 'என் பேக்கப் அதிகாலையோடு நின்றுவிட்டதே' என்று பதறுபவர்கள் உண்டு.

ஸ்லாப்கேட் இயங்கும்போது முதல் சர்வரை நிறுத்த வேண்டுமா என்ற சந்தேகம் வரும். இப்போது எல்லோரும் பயன்படுத்தும் எம்டிபி வகை டேட்டாபேஸ் என்றால் வேண்டாம். சர்வர் ஓடிக் கொண்டிருக்கும்போதே எடுக்கலாம். ஓப்பன்எல்டேப்பின் பழைய பதிப்புகளில் ஸ்லர்ப்டி என்று ஒரு புரோகிராம் மாற்றங்களை முதல் சர்வரிலிருந்து தள்ளிவிடும். அப்போது முதல் சர்வரை நிறுத்தி, டேட்டாபேஸைக் காப்பி செய்து, பிறகு இரண்டையும் சேர்த்துக் கிளப்ப வேண்டும். இடையில் ஒரு மாற்றம் தவறினால் தவறியதுதான். 2007ல் வந்த 2.4 பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது ரெப்ளிகாதான் கேட்டு வாங்கிக் கொள்கிறது. இந்த முறைக்கு சிங்க்ரெப்ல் என்று பெயர்.

ஸ்லாப்கேட்டை இரண்டு முறை இயக்குங்கள். ஹைபன் என் 1 என்று கொடுத்தால் தகவல்கள், ஹைபன் என் 0 என்று கொடுத்தால் சர்வரின் அமைப்புகள். தனித்தனி பைல்களில் வைத்துக் கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. அந்தப் பைலைத் திறந்தால் பாஸ்வேர்ட் என்ற இடத்தில் இரட்டை கோலனும் புரியாத எழுத்துக்களும் தெரியும். அதை என்கிரிப்ட் செய்யப்பட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அது பேஸ்64 என்ற எழுத்து மாற்றம் மட்டுமே. யார் வேண்டுமானாலும் ஒரு நொடியில் திருப்பிவிடலாம். உள்ளே இருப்பது பாஸ்வேர்டின் ஹாஷ் என்றாலும், சுலபமான பாஸ்வேர்ட் வைத்தவர்களின் ஹாஷைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. எனவே இந்தப் பைலைப் பென் டிரைவில் போட்டு மேஜை மேல் வைக்காதீர்கள், மெயிலிலும் அனுப்பாதீர்கள். உங்களுக்கு மட்டும் படிக்கும் உரிமை கொடுத்து, எஸ்சிபி மூலம் அனுப்பி, வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

இரண்டாவது கம்ப்யூட்டரில்

ஸ்லாப்டி பேக்கேஜை இன்ஸ்டால் செய்தவுடன் டெபியன் ஒரு சிறிய மாதிரி டைரக்டரியை உருவாக்கிவிடும். முதலில் ஸ்லாப்டி சேவையை நிறுத்துங்கள். பிறகு வார், அதற்குள் லிப், அதற்குள் எல்டேப் என்ற போல்டருக்குப் போய், அங்குள்ள டேட்டா, லாக் என்ற இரண்டு எம்டிபி பைல்களை அகற்றிவிடுங்கள். சேவையை நிறுத்தாமல் ஸ்லாப்ஆட்டை இயக்கவே கூடாது. ஸ்லாப்கேட்டுக்குக் கிடைத்த சலுகை இதற்குக் கிடையாது.

தகவலை ஏற்றும் முன் ஸ்கீமாக்கள் ஒத்துப் போகின்றனவா என்று பாருங்கள். முதல் சர்வரில் கூடுதலாக ஒரு ஸ்கீமா சேர்த்திருந்து, இரண்டாவதில் அது இல்லை என்றால், 'இப்படி ஒரு பெயர் எனக்குத் தெரியாது' என்று ஸ்லாப்ஆட் பாதியில் நின்றுவிடும். டேட்டாபேஸின் அதிகபட்ச அளவும் ஒன்றாக இருக்கட்டும். டெபியன் இதை 1 ஜிபி என்று வைக்கிறது. முதல் சர்வரில் யாராவது கூட்டியிருந்தால் இங்கும் கூட்ட வேண்டும்.

சரி, முதல் சர்வரின் அமைப்புகளையும் பேக்கப் எடுத்தோமே, அதையே இங்கு ஏற்றிவிட்டால் ஸ்கீமா, அளவு எல்லாம் தானாக வந்துவிடாதா? வரும். கூடவே 'நான்தான் முதல் சர்வர்' என்ற எண்ணமும் வந்துவிடும். ரெப்ளிகா தானாக மாற்றங்களை ஏற்கத் தொடங்கும். இரண்டு சர்வர்களும் ஆளுக்கொரு பக்கம் போய்விடும். எனவே அந்தப் பைலைப் பார்த்து எழுதிக் கொள்ளப் பயன்படுத்துங்கள். அப்படியே ஏற்றுவதாக இருந்தால், ரெப்ளிகாவுக்கான வரிகளைச் சேர்த்து முடிக்கும் வரை நெட்வொர்க் கேபிளைச் செருகாதீர்கள்.

இப்போது ஸ்லாப்ஆட். இதில் க்யூ என்ற ஆப்ஷன் கொடுத்தால் சோதனைகளைக் குறைத்துக் கொண்டு வேகமாக ஏற்றும். ஆனால் இடையில் கரண்ட் போனால் அந்த டேட்டாபேஸை நம்ப முடியாது. அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். டபிள்யூ என்ற ஆப்ஷனையும் சேர்த்துக் கொள்ளுங்கள். ஓடிக் கொண்டிருக்கும் சர்வரில் கான்டெக்ஸ்ட் சிஎஸ்என் உடனுக்குடன் டிஸ்க்கில் எழுதப்படுவதில்லை என்பதால், பேக்கப்பில் அது சற்றுப் பழையதாகவோ, இல்லாமலோ இருக்கலாம். டபிள்யூ கொடுத்தால், ஏற்றிய பதிவுகளிலேயே மிகப் புதிய முத்திரையைப் பார்த்து ஸ்லாப்ஆட் அதை எழுதிவிடும்.

ஏற்றி முடித்துச் சேவையைக் கிளப்பினால் கிளம்பாது. ரூட் ஆக இருந்து ஏற்றியதால் புதிய பைல்கள் ரூட்டின் பெயரில் இருக்கும். ஸ்லாப்டி ஓடுவதோ ஓப்பன்எல்டேப் என்ற யூசரின் பெயரில். சோன் கட்டளை மூலம் உரிமையாளரை மாற்றிவிடுங்கள். இதை மறந்துவிட்டு மணிக்கணக்கில் லாக் பைலைப் புரட்டுபவர்கள் ஏராளம்.

முதல் சர்வருடன் இணைத்தல்

முதல் சர்வரில் செய்ய வேண்டியவை இரண்டு. சிங்க்ப்ராவ் என்ற கூடுதல் பகுதியை இயக்கத்தில் வைக்க வேண்டும். அடுத்து, ரெப்ளிகாவுக்கென்று ஒரு தனி அக்கவுண்ட் உருவாக்கி, பாஸ்வேர்ட் உட்பட எல்லாவற்றையும் படிக்கும் உரிமையை அதற்குக் கொடுக்க வேண்டும். ஒரு தேடலுக்கு 500 பதிவுகள்தான் என்ற எல்லை ஓப்பன்எல்டேப்பில் இயல்பாகவே உண்டு. இந்த அக்கவுண்டுக்கு மட்டும் அதை நீக்கிவிடுங்கள். சோதனையில் 50 பேரை வைத்துப் பார்க்கும்போது எல்லாம் சரியாக இருக்கும். நிஜத்தில் வைத்தவுடன் பாதிப் பேரைக் காணோம் என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

ரெப்ளிகாவில் சிங்க்ரெப்ல் வரியில் கொடுக்க வேண்டியவை: மூன்று இலக்கத்திற்குள் ஓர் எண், முதல் சர்வரின் முகவரி, அந்தத் தனி அக்கவுண்ட், அதன் பாஸ்வேர்ட், தொடர்பு அறுந்தால் எத்தனை நொடிக்கு ஒருமுறை முயல வேண்டும் என்பது. வகை என்ற இடத்தில் ரெப்ரெஷ் அண்ட் பெர்சிஸ்ட் என்பதைக் கொடுங்கள். அப்போதுதான் தொடர்பு திறந்தே இருந்து மாற்றங்கள் உடனே வரும். பாஸ்வேர்ட் இந்த வரியில் அப்படியே இருக்கும் என்பதால் டிஎல்எஸ் பாதுகாப்பும் அவசியம். அடுத்து அப்டேட்ரெப் என்ற வரி. யாராவது ரெப்ளிகாவில் மாற்றம் செய்ய முயன்றால், 'அங்கே போய்ச் சொல்லுங்கள்' என்று முதல் சர்வரைக் காட்டுவது இதுதான்.

பேக்கப் எவ்வளவு பழையதாக இருக்கலாம்?

இதைத்தான் பலர் தவறாகப் புரிந்து கொண்டிருக்கிறார்கள். மூன்று மாதத்திற்கு முன் எடுத்த பேக்கப். இடையில் நாற்பது பேர் சேர்ந்திருக்கிறார்கள், பதினைந்து பேர் வேலையை விட்டுப் போய் அவர்கள் அக்கவுண்ட் நீக்கப்பட்டிருக்கிறது. சேர்ந்தவர்கள் விஷயத்தில் சிக்கல் இல்லை. புதிய முத்திரை இருப்பதால் வந்துவிடுவார்கள். நீக்கப்பட்டவர்கள்? முதல் சர்வரில் அவர்களே இல்லை. இல்லாத பதிவுக்கு முத்திரை ஏது? ஆனால் பேக்கப்பில் அவர்கள் பாஸ்வேர்டுடன் உயிரோடு இருக்கிறார்கள். ரெப்ளிகா அவர்களை நீக்காவிட்டால், போன வருடம் சண்டை போட்டுக் கொண்டு போனவர் இன்று ரெப்ளிகா வழியாக உள்ளே நுழையலாம்.

ஓப்பன்எல்டேப் இதை அழகாகச் சமாளிக்கிறது. ரெப்ளிகா நீட்டும் முத்திரை மிகப் பழையது என்று கண்டால், முதல் சர்வர் தன்னிடம் இப்போது உள்ள எல்லாப் பதிவுகளின் அடையாள எண்களையும் வரிசையாகப் படிக்கும். மாறாத பதிவுகளுக்கு எண் மட்டும், மாறியவற்றுக்கு முழு விவரம். வகுப்பில் ஆசிரியர் வருகைப் பதிவேட்டைப் படிப்பது போல. முடிந்ததும், பெயர் படிக்கப்படாத பதிவுகளை ரெப்ளிகா தன்னிடமிருந்து நீக்கிவிடும். 2006ல் வெளியான வரையறையிலேயே இந்த முறை உள்ளது. என்ட்ரி யுயுஐடி இல்லாத பேக்கப் ஏன் உதவாது என்பது இப்போது இன்னும் தெளிவாகப் புரியும்.

விண்டோஸ் சர்வரின் ஆக்டிவ் டைரக்டரியில் கதை வேறு. பேக்கப்பிலிருந்து புதிய டொமைன் கன்ட்ரோலர் அமைக்கும் வசதி அதில் 2003 பதிப்பில் வந்தது. அங்கே நீக்கப்பட்ட பதிவு உடனே மறைவதில்லை; ஒரு கல்லறைக் குறிப்பாகச் சில காலம் இருக்கும். முதலில் 60 நாட்கள். 2003 சர்வீஸ் பேக் 1 முதல் புதிதாக அமைக்கப்படும் டைரக்டரிகளில் 180 நாட்கள். 'இவர் நீக்கப்பட்டார்' என்ற செய்தி இந்தக் குறிப்பின் வழியாகத்தான் மற்ற சர்வர்களுக்குப் போகிறது. குறிப்பும் மறைந்த பிறகு, அதைவிடப் பழைய பேக்கப்பைப் பயன்படுத்தினால் நீக்கப்பட்டவர் திரும்பி வந்துவிடுவார், போகச் சொல்ல ஆள் இருக்காது. எனவே அங்கே நாள் கணக்கு மிக முக்கியம். பேக்கப்புக்குப் பதில் ஓடும் சர்வரின் டிஸ்க்கையே இமேஜ் எடுத்துப் போடும் பழக்கம் இன்னும் மோசம்.

சோதித்துப் பார்த்தல்

இரண்டு சர்வர்களிலும் கான்டெக்ஸ்ட் சிஎஸ்என்னை எல்டேப்சர்ச் மூலம் கேளுங்கள். இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு முதல் சர்வரில் ஒரு டம்மி யூசரை உருவாக்கி, ரெப்ளிகாவில் வருகிறாரா என்று பாருங்கள். நீக்குங்கள், அங்கும் போகிறாரா? அதோடு நிற்காமல், பேக்கப் எடுத்த பிறகு நீக்கப்பட்ட ஒரு நிஜப் பெயரை ரெப்ளிகாவில் தேடுங்கள். கிடைக்கக் கூடாது.

முத்திரைகள் ஒன்றாக இருந்தும் புதிய மாற்றங்கள் வராமல் நின்றால், முதல் சர்வரின் கடிகாரத்தைப் பாருங்கள். பழைய மதர்போர்டில் சிமாஸ் பேட்டரி தீர்ந்து, ஒரு நாள் தேதி 2035 என்று மாறி, அன்று யாராவது ஒரு பதிவை மாற்றியிருந்தால் போதும். அதன் பிறகு சரியான தேதியில் நடக்கும் மாற்றங்கள் பழையவை என்று கருதப்பட்டு ரெப்ளிகாவுக்குப் போகாமல் நிற்கக் கூடும். முப்பது, நாற்பது ரூபாய் பேட்டரிக்கு இவ்வளவு சக்தி. என்டிபி மூலம் இரண்டு சர்வர்களின் நேரத்தையும் சரியாக வைத்திருங்கள்.

கடைசிச் சோதனைக்கு முதல் சர்வரின் கேபிளைப் பிடுங்கிவிட்டு, லேபில் ஒரு கம்ப்யூட்டரில் லாக் இன் செய்து பாருங்கள். முடியவில்லை என்றால் பெரும்பாலும் குறை ரெப்ளிகாவில் இருக்காது. அந்தக் கம்ப்யூட்டருக்கு இரண்டாவது சர்வர் இருப்பதே தெரியாது. அதன் அமைப்பில் இரண்டு முகவரிகளையும் கொடுக்க வேண்டும். எல்டேப் கான்ப் பைலில் இடைவெளி விட்டும், எஸ்எஸ்எஸ்டி பயன்படுத்தினால் கமா போட்டும்.

ரெப்ளிகா வந்துவிட்டது என்று இரவு பேக்கப்பை நிறுத்திவிடாதீர்கள். முதல் சர்வரில் ஒருவர் தவறுதலாக ஒரு வகுப்பு முழுவதையும் நீக்கினால், ரெப்ளிகாவும் அதை அதே வேகத்தில் உண்மையாகச் செய்து முடிக்கும். அப்போது கை கொடுப்பது நேற்றைய ஸ்லாப்கேட் பைல்தான். மாறாக, முதல் சர்வரின் டிஸ்க்கே போய்விட்டால், ரெப்ளிகாவில் சிங்க்ரெப்ல், அப்டேட்ரெப் வரிகளை நீக்கி, சிங்க்ப்ராவைச் சேர்த்துவிடுங்கள். அதுவே முதல் சர்வராகிவிடும். பிறகு நிதானமாக, அதன் பேக்கப்பிலிருந்து இன்னொரு ரெப்ளிகாவை உருவாக்கிக் கொள்ளலாம்.